இடது முழங்காலுக்கான ஜெபம்

உட்காருங்கள் சார். படம் எடுத்தாகிவிட்டது, டாக்டர் வார்டிலிருந்து வந்து பார்த்து எழுத வேண்டும், அவ்வளவுதான். அரை மணி நேரம் என்று சொல்வேன், முக்கால் மணி ஆகும். கையைத் தொங்கப் போடாதீர்கள், இந்த மேசை மேல் வையுங்கள். வலது மணிக்கட்டுதானே? எலும்பு முறிந்த மாதிரி எனக்குத் தெரியவில்லை. ஆனால் நான் சொல்லக் கூடாது. நான் வெறும் கவுண்டர்காரன்.

அந்தப் பலகையைத்தானே பார்க்கிறீர்கள்? 'நோயாளிகளின் விவரம் யாருக்கும் சொல்லப்பட மாட்டாது.' நான் எழுதினதுதான். உள்ளூர்க்காரர்கள் அதைப் படித்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். நீங்கள் வெளியூர், அதனால் சிரிக்கவில்லை. மருமகன் வீட்டுக்கு வந்த இடத்தில் வழுக்கி விழுந்திருக்கிறீர்கள், நாலு நாள் இருப்பீர்கள், யாராவது சொல்லத்தான் போகிறார்கள். அதைவிட நானே சொல்லிவிடுகிறேன்.

என் பெயர் எபனேசர். இந்த மிஷன் ஆஸ்பத்திரி எக்ஸ்ரே கவுண்டரில் இருபத்தேழு வருஷம். இருபத்தேழு வருஷத்தில் ஒரு படம், ஒரு தாள் இங்கேயிருந்து தப்பான கைக்குப் போனதில்லை. என் வீட்டுக்காரி வயலெட் கேட்பாள், மேலத்தெருக்காரி ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தாளாமே, என்னவாம் என்று. நான் வாயைத் திறக்க மாட்டேன். இரண்டு நாள் பேசாமல் இருப்பாள். அப்போதும் திறக்க மாட்டேன். இதை முதலில் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு சொல்வதெல்லாம் கேட்டு இவன் ஒரு ஓட்டை வாயன் என்று நினைத்துவிடக் கூடாது.

எங்கள் கிருபாபுரத்தில் இரண்டு விஷயம். ஒன்று கோயில், இன்னொன்று வாலிபால். இங்கே குழந்தை பிறந்தால் ஆணா பெண்ணா என்று கேட்ட கையோடு நீளம் எவ்வளவு என்றும் கேட்பார்கள். கிறிஸ்துமஸ் முடிந்ததும் இருபத்தேழாம் தேதியிலிருந்து மூன்று நாள் டோர்னமெண்ட். துபாய், மும்பை என்று எங்கே இருந்தாலும் எங்கள் ஆட்கள் அதற்கு லீவு எடுத்து வருவார்கள். வர முடியாதவர்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. 'கிருபாபுரம் வாலிபால் குடும்பம்.' நானூற்றுப் பன்னிரண்டு பேர். அட்மின் இரண்டு பேர்: நானும், சவுதியில் தம்மாமில் இருக்கிற தாசனும்.

எங்கள் பெண்கள் கல்லூரி அணியில் ஹெப்சிபா என்று ஒரு பிள்ளை, அப்போது கடைசி வருஷம். எங்கள் தெருதான். அப்பா மினிபஸ் ஓட்டுகிறார். என்னை மாமா என்றுதான் கூப்பிடுவாள். ஆறடிக்கு ஓரங்குலம் குறைவு. அவள் வலைக்கு மேலே எழும்பிக் கையை ஓங்கினால் எதிர்ப்பக்கப் பிள்ளைகள் கண்ணை மூடிக்கொள்வார்கள். அப்படி ஒரு அடி.

போன வருஷம் நவம்பர் மாதம், பயிற்சியில் எழும்பி இறங்கும்போது பக்கத்தில் நின்ற பிள்ளையின் காலில் இறங்கிவிட்டாள். இங்கே படம் எடுத்தோம். எலும்பு சேதமில்லை. திருநெல்வேலிக்கு அனுப்பி ஸ்கேன் எடுத்ததில் தெரிந்தது. இடது முழங்கால், உள்பக்கத் தசைநாரில் பாதிக் கிழிசல். புத்தாண்டு வரை குதிக்கக் கூடாது, ஓடக் கூடாது என்று டாக்டர் சொன்னார். பொறுத்தால் முழுசாக ஆறிவிடும், பொறுக்காமல் குதித்தால் மீதியும் கிழியும், அதோடு வாலிபாலை மறந்துவிடலாம் என்றார்.

அந்தப் பிள்ளை இதோ, நீங்கள் கை வைத்திருக்கிற இடத்தில் கை வைத்துக்கொண்டு என்னிடம் சொன்னாள்.

"மாமா, பிப்ரவரியில ரயில்வே செலக்ஷன். கால்ல அடின்னு இப்பவே அவங்க காதுல விழுந்துச்சுன்னா என்னைக் கூப்பிடவே மாட்டாங்க. அதுக்குள்ள எனக்குச் சரியாயிரும். யாருகிட்டயும் சொல்லிராதிய."

வாக்குக் கொடுத்தேன். அவள் கோப்பை எடுத்து மற்றவை எல்லாவற்றுக்கும் அடியில் வைத்தேன். வயலெட்டிடம்கூட மூச்சு விடவில்லை. அந்தப் பிள்ளை விளையாட்டு மூலம் கிடைக்கிற அந்த ரயில்வே வேலையை நம்பித்தான் மூன்று வருஷம் விடியற்காலையில் எழுந்து ஓடினாள் என்பது எனக்குத் தெரியாதா?

ஆனால் ஞாயிற்றுக்கிழமை வந்தது.

எங்கள் கோயிலில் ஆராதனைக்கு நடுவே ஜெபக் குறிப்பு வாசிப்போம். யாருக்கு என்ன தேவையோ அதைச் சீட்டில் எழுதிப் பெட்டியில் போடுவார்கள். அதை வாசிக்கிற பொறுப்பு என்னுடையது. நோயாளிகளுக்காக ஜெபிப்போம் என்று பொதுவாகச் சொன்னால் எங்கள் சபைக்குத் திருப்தி வராது. என்ன நோய், எந்த உறுப்பு, எந்த ஆஸ்பத்திரி, எத்தனாவது மாடி என்று தெரிய வேண்டும். அப்போதுதான் மனசு ஒருமுகப்படும் என்பார்கள். அதில் தப்பும் இல்லை.

நான் யோசித்தேன். நிறையவே யோசித்தேன். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தது மனுஷர்களைப் பற்றி. ஆண்டவரிடம் சொல்வது அதில் சேருமா? நமக்குத் தெரிந்த ஒரு பிள்ளை வலியில் இருக்கும்போது ஜெபிக்காமல் இருப்பதும் ஒரு துரோகம்தானே? கடைசியில் நானே ஒரு சீட்டு எழுதினேன். 'நம் ஊர்க் கல்லூரி விளையாட்டு வீராங்கனை ஒருவரின் இடது முழங்கால் தசைநாருக்காக.' பெயர் கிடையாது. நான் எழுதி, நானே வாசித்தேன். முந்நூறு பேர் ஆமென் சொன்னார்கள்.

மதியச் சாப்பாட்டுக்குள் குழுவில் கேள்வி வந்துவிட்டது. யார் அந்த வீராங்கனை? ஒருவர் பெர்சிஸ் என்றார். ஒருவர் ஜாய்ஸ் என்றார். ஒருவர் ஹெப்சிபா என்றார். ஜாய்ஸுக்குக் கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்த நேரம். அவள் அம்மா எனக்குப் போன் போட்டு அழுகிறாள், காலில் ஊனம் என்று மாப்பிள்ளை வீட்டுக்குப் போய்விட்டால் என்ன செய்வது என்று. அட்மின் என்ற முறையில் நான் தலையிட வேண்டியதாகிவிட்டது. எழுதினேன்: 'அன்பானவர்களே, யூகங்கள் வேண்டாம். பெர்சிஸ் இல்லை. ஜாய்ஸ் இல்லை. மூன்றாவது பெயரைப் பற்றி நான் எதுவும் சொல்வதற்கில்லை.'

பெயர் சொன்னேனா சார்? சொல்லவில்லை. நீங்களே சாட்சி.

அதற்குப் பிறகு குழு குழுவாக இல்லை. தாசன் தம்மாமில் உட்கார்ந்துகொண்டு பழைய மேட்ச் வீடியோவை நிறுத்தி நிறுத்தி, ஹெப்சிபா முழங்காலைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டு அனுப்பினான். செப்டம்பரிலேயே இறங்கும்போது கால் மடங்கியிருக்கிறது, நான் அன்றைக்கே கவனித்தேன் என்று எழுதினான். மஸ்கட்டில் ஏசி மெக்கானிக்காக இருக்கிற ஒருவர் தசைநார் எத்தனை வகை என்று பாடம் எடுத்தார். ஆப்பரேஷனா, கட்டா என்று வாக்கெடுப்பு வைத்தார்கள். கோயில் பெண்கள் ஐக்கிய சங்கத்திலிருந்து ஆறு பேர் ஜெபித்த எண்ணெயோடு கல்லூரிக்கே போய் வகுப்புக்கு வெளியே காத்திருந்தார்கள். எதிரி அணி ஆசீர்வாதபுரம். அங்கேயிருந்தும் எங்களை ஜெபத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று ஆட்கள் குழுவுக்குள் வந்தார்கள். எந்தக் கால் என்று அவர்கள்தான் அடிக்கடி கேட்டார்கள்.

அங்கேதான் நான் இன்னொரு முறை சறுக்கினேன். யாரோ ஒருவர் வலது முழங்காலுக்காக உபவாசம் இருக்கிறோம் என்று எழுதிவிட்டார். அதைத் தொடர்ந்து எல்லோரும் வலது, வலது என்கிறார்கள். என்னால் பொறுக்க முடியவில்லை. இருநூறு பேர் பட்டினி கிடந்து செய்கிற ஜெபம் தப்பான காலுக்குப் போகலாமா? 'இடது' என்று ஒரே ஒரு வார்த்தை போட்டேன். ஒரே வார்த்தை சார்.

டிசம்பர் முதல் வாரத்தில் காரியம் வேறு திசைக்குப் போனது. இத்தனை பேர் ஜெபித்தாகிவிட்டது, இனி சுகம் கிடைத்தே ஆக வேண்டும். இருபத்தேழாம் தேதி ஹெப்சிபா களத்தில் இறங்குவாள், அதுதான் சாட்சி என்று தீர்மானித்துவிட்டார்கள். தாசன் அதைப் பார்ப்பதற்கென்றே டிக்கெட் போட்டான். மைதான வாசலில் வைக்க ஒரு பிளெக்ஸுக்குப் படம் தயார் செய்து அனுப்பினான். வசனம் மேலே, கீழே ஹெப்சிபாவின் முழங்கால். முகம் இல்லை, முழங்கால் மட்டும். கோச் ராஜகனி நல்ல மனுஷன்தான். அவரும் ஊர் வாய்க்குப் பயந்து, முட்டியில் பேண்டேஜ் சுற்றிக்கொண்டு இரண்டு செட்டாவது ஆடு என்று அந்தப் பிள்ளையிடம் சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

இதெல்லாம் போதாது என்று மதுரையில் ரயில்வேயில் வேலை பார்க்கிற ஒரு சகோதரர் எழுதினார். எங்கள் விளையாட்டு அதிகாரியும் விசுவாசிதான், திங்கட்கிழமை அவரிடமும் சொல்லி ஜெபிக்கச் சொல்கிறேன் என்று.

அதைப் படித்ததும்தான் நான் செய்த காரியம் எனக்கு உறைத்தது.

மறுநாள் மத்தியானம் ஹெப்சிபா இங்கே வந்தாள். மெதுவாகத்தான் நடந்தாள். கூடத்தில் யாரும் இல்லை. திட்டப் போகிறாள் என்று நினைத்தேன். போனை எடுத்து இந்தக் கவுண்டரில் வைத்தாள். சிவப்பு வட்டம் போட்ட படம்.

"இது என் முட்டி மாமா."

"ஆமாம்மா."

"நானூறு பேரு பாத்துக்கிட்டு இருக்காங்க."

"பாக்கலம்மா. ஜெபிக்காங்க."

"வட்டம் போட்டா?"

அவள் அழவில்லை. சொன்னாள், "நான் இருபத்தேழாந்தேதி எறங்கலன்னா இவங்க ஜெபம் பொய்யாயிரும். எறங்குனா என் காலு போயிரும். ரயில்வேக்காரங்களுக்கு இப்பவே தெரிஞ்சா வேலையும் போயிரும். நான் என்ன செய்யட்டும்னு நீங்களே சொல்லுங்க."

நான் பெயரே சொல்லவில்லையே என்று ஆரம்பித்தேன். பெர்சிஸ் இல்லை, ஜாய்ஸ் இல்லை என்றேனே தவிர என்று விளக்கப் பார்த்தேன். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"மாமா, நீங்க ஏன் கேலரியில உக்கார மாட்டேங்கிய?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆட்டத்துக்கு மரியாதையம்மா, நின்று பார்த்தால்தான் மரியாதை என்றேன்.

"மூணு வருஷமா கோர்ட்டுக்குள்ள இருந்து பாக்கேன். ஒரு மேட்சுலயும் நீங்க உக்காந்ததில்ல. எங்கப்பா மினிபஸ்ல சீட்டு காலியா கெடக்கும், நீங்க கம்பியப் புடிச்சிட்டு நிப்பிய. கோயில்ல பிரசங்கம் முடியுற வரைக்கும் பின்னால சுவத்துல சாஞ்சு நிப்பிய. எனக்குப் புரியாமலா இருக்கும்? நான் யாருகிட்டயாவது சொன்னேனா? ஒரு சீட்டுல எழுதிப் பெட்டியில போட்டேனா?"

அவ்வளவுதான் சொன்னாள். போனை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மூலம் சார். ஆறு வருஷமாக. வயலெட்டுக்குத் தெரியாது. இந்த ஆஸ்பத்திரியிலேயே நல்ல சர்ஜன் இருக்கிறார், எனக்கு இலவசம்கூட. ஆனால் இங்கே சீட்டுப் போட்டால் கவுண்டரில் இருக்கிறவனுக்குத் தெரிந்துவிடுமே. கவுண்டரில் இருப்பது நான்தான், இருந்தாலும் ஒரு கூச்சம். அதனால் நாகர்கோவில் வரைக்கும் நின்றுகொண்டே பஸ்ஸில் போய், ராமச்சந்திரன் என்று பெயர் கொடுத்து மருந்து வாங்கி வருவேன்.

அவள் போன பிறகு நாள் முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. ஜெபத்துக்கும் வம்புக்கும் நடுவே எவ்வளவு தூரம்? நான் அந்தச் சீட்டை எழுதும்போது என் மனசில் நிஜமாகவே அவள் வலி மட்டும்தான் இருந்ததா? வாசிக்கும்போது சபையே நிமிர்ந்து என்னைப் பார்த்ததே, அது எனக்குப் பிடிக்கவில்லையா? இன்றைக்கும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். அவள் இருபது வயதுப் பிள்ளை, மூன்று வருஷம் என் ரகசியத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஆடியிருக்கிறாள். நான் நாலு நாள் தாங்கவில்லை.

சாயங்காலம் நாலரை மணிக்கு இந்த நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றபடியே டைப் செய்தேன். மூன்று தடவை அழித்தேன். நாலாவது தடவை அனுப்பிவிட்டேன். 'அன்பான வாலிபால் குடும்பத்தாரே, உங்கள் சகோதரன் எபனேசர் ஆறு வருஷமாக மூல நோயால் வேதனைப்படுகிறேன். வெளிமூலம். உட்கார முடியவில்லை. தயவுசெய்து எனக்காக ஜெபியுங்கள்.' உள்மூலத்துக்கு யாராவது தப்பாக ஜெபித்துவிடக் கூடாதே என்றுதான் அதையும் தெளிவாகப் போட்டேன்.

எதற்காக அனுப்பினேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. எனக்கு நானே கொடுத்த தண்டனையா, அவர்களைத் திருப்புகிற தந்திரமா? இரண்டும் கலந்ததாக இருக்கலாம்.

ஐந்து நிமிஷம்தான் சார். பிறகு பாருங்கள். கருணைக்கிழங்கு என்று ஒருவர். துத்தி இலை என்று நாலு பேர். வெந்நீரில் கல்லுப்புப் போட்டு உட்கார வேண்டும் என்று மஸ்கட் ஏசி மெக்கானிக், எத்தனை டிகிரி என்றும் சொன்னார். தாசன் மூன்று வருஷத்து டோர்னமெண்ட் படங்களைத் தோண்டி எடுத்தான். எல்லாப் படத்திலும் கூட்டம் உட்கார்ந்திருக்கிறது, நான் மட்டும் நிற்கிறேன். என்னைச் சுற்றிச் சிவப்பு வட்டம். 'நான் அன்றைக்கே கவனித்தேன்' என்று எழுதினான். ஆப்பரேஷனா, நாட்டு மருந்தா என்று வாக்கெடுப்பு. ஹெப்சிபா முழங்கால் மேலே மேலே போய்க் கண்ணுக்கே தெரியாமல் போய்விட்டது. பிளெக்ஸில் முழங்காலை எடுத்துவிட்டு அந்த இடத்தில் உங்கள் படத்தைப் போடட்டுமா என்று தாசன் கேட்டான். எந்தப் படம் என்று கேட்டேன். முகம்தான் என்றான். நல்லவேளை.

நான் வீட்டுக்குப் போவதற்குள் பெண்கள் ஐக்கிய சங்கம் துத்தி இலைக் கட்டோடு என் வீட்டில் உட்கார்ந்திருந்தது. வயலெட் வாசலில் நிற்கிறாள். "ஆறு வருஷமா? ஊருக்குச் சொல்லிட்டு எனக்குச் சொல்லுதியளோ?" என்று ஒரே கேள்விதான் கேட்டாள். அதற்குப் பிறகு ஒரு வாரம் இலையை அரைத்துக் கொடுத்தாள், ஆனால் பேசவில்லை.

மதுரைச் சகோதரரும் கூப்பிட்டார், தனியாக. ஒரு மணி நேரம் பேசினார். அவருக்கும் இதே தொந்தரவாம் சார், பத்து வருஷமாக. யாரிடமும் சொன்னதில்லையாம், ஆபீசில் தெரிந்தால் மானம் போய்விடுமாம். உங்களிடம் மட்டும்தான் சொல்கிறேன் அண்ணாச்சி, வெளியே விட்டுவிடாதீர்கள் என்று கெஞ்சினார். நான் சொன்னேன், தம்பி, நான் உங்களுடையதை வைத்துக்கொள்கிறேன், நீங்கள் அந்தப் பிள்ளை முழங்காலை வைத்துக்கொள்ளுங்கள். விளையாட்டு அதிகாரியிடம் எதுவும் சொல்ல மாட்டேன் என்றார். சொல்லவும் இல்லை. அவர் பெயர் வேண்டாம், மதுரையில் ரயில்வேயில் எங்கள் ஊர்க்காரர் ஒரே ஒருவர்தான்.

இருபத்தேழாம் தேதி சாயங்காலம் மைதானம் நிறைந்துவிட்டது. ஹெப்சிபா கோட்டுக்கு வெளியே, கால்வரை மூடிய டிராக் சூட்டில், மற்றப் பிள்ளைகளுக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஏன் இறங்கவில்லை என்று ஒருத்தர் கேட்கவில்லை. கேட்க ஆளில்லை என்றதும் கோச்சும் நிம்மதியாக அவளை உட்கார வைத்துவிட்டார். ஊர்ப் பார்வை முழுக்க கேலரி பக்கம். என் பக்கம். நான் உட்காருவேனா மாட்டேனா?

அதற்குள் நம்ம சர்ஜனிடமே காட்டி, என் பெயரிலேயே சீட்டுப் போட்டு, பாதிக்குமேல் குணமாகியிருந்தது. முதல் செட் நின்றேன். இரண்டாவது செட்டில், பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு இருக்கும்போது, சரி என்று மெதுவாக உட்கார்ந்தேன். கேலரி எழுந்து கைதட்டியது. எதற்குக் கைதட்டுகிறார்கள் என்று தெரியாமல் நடுவர் விசில் ஊதி ஆட்டத்தை நிறுத்திவிட்டார். ஆசீர்வாதபுரத்துக்காரர்கள்கூடத் தட்டினார்கள். அந்த மேட்ச் மூன்றுக்கு ஒன்று என்று தோற்றோம். ஊரில் ஒருவரும் வருத்தப்பட்ட மாதிரி தெரியவில்லை.

முடிந்ததும் ஹெப்சிபா என் பக்கம் வந்தாள்.

"இப்ப எப்படி இருக்கு மாமா?"

"அது என் சொந்த விஷயம்மா" என்றேன்.

அந்தப் பிள்ளை சிரித்த சிரிப்பில் கையிலிருந்த தண்ணீர் பாட்டில் கீழே விழுந்துவிட்டது.

அதற்குப் பிறகுதான் இந்தப் பலகையை எழுதி மாட்டினேன். ஜெபக் குறிப்பிலும் இப்போது உறுப்பை வாசிப்பதில்லை. சபையில் கொஞ்சம் முணுமுணுப்பு இருக்கிறது, இருக்கட்டும். அன்றிலிருந்து அந்தப் பிள்ளை முழங்காலைப் பற்றி நான் யாரிடமும் பேசியதில்லை. உங்களிடம் சொன்னது வேறு. நீங்கள் வெளியூர்.

டாக்டர் வருகிறார், பாருங்கள். எழுந்திருக்க வேண்டாம், நானே படத்தைக் கொடுக்கிறேன்.

என்ன கேட்டீர்கள்? பிப்ரவரி செலக்ஷனா? இல்லை சார், அதை மட்டும் என்னிடம் கேட்காதீர்கள். கிடைத்ததா, கிடைக்கவில்லையா, அதை அந்தப் பிள்ளை வாயால் சொல்வதுதான் முறை. ஒரு தடவை பட்டது எனக்குப் போதும். அவ்வளவு ஆசை இருந்தால் ஒரு கடிதம் போட்டு அவளையே கேளுங்கள். இந்தக் கையோடு எழுத முடியாது, விலாசத்தை நானே எழுதித் தருகிறேன். ஹெப்சிபா, ரயில்வே பெண்கள் விடுதி, இரண்டாவது மாடி, பெரம்பூர், சென்னை.